மழலை வாய்க்குப் பூட்டா?

தமிழ்நாட்டில் இன்று மூன்றகவைப் பிள்ளைக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்பெறும் பாடம் யாது? அகரமா? அன்று. எண்ணா? அதுவும் அன்று. 'வாயை மூடு; வாய்மேல் விரலை வை' என்பதே அப்பாடம்! ஓடியும் ஆடியும், பிசைந்தும் உடைத்தும், ஓயாமற் கேட்டும் உலகை அறிய வேண்டிய அகவையிற் கழுத்துக்குப் பட்டையும் காலுக்கு உறையும் மாட்டி, விசிப்பலகையில் அமர்த்தி, பெற்ற தாய்க்கே விளங்காத மொழியில் இருபத்தாறு எழுத்துகளை ஒப்பிக்கச் செய்து, அதற்குக் கல்வியென்று பெயரும் சூட்டிக் கட்டணமும் பெறுகின்ற கொடுமை நம் தெருமுனைதோறும் நடைபெறுகின்றது. நாமும் அவ்வழியே நாள்தோறும் நடந்துதான் செல்கின்றோம்.

இதனை ஊரார் குற்றமாக மட்டும் எழுதுவேனாயின் நான் பொய்யனாவேன். முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். மொழிகாப்பு மேடைகளில் தொண்டை வறள முழங்கியவன். என் மகனோ தன் மகளை, என் பெயர்த்தியை, ஆங்கில மழலையர் பள்ளியொன்றிற் சேர்த்தான். சேர்க்கைப் படிவத்திற் பாட்டன் கையொப்பம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் முதற்பருவக் கட்டணத்தில் ஒரு பகுதி என் சம்பளத்தினின்றே சென்றது. வீட்டிற் பூசல் வேண்டாவென்று வாளாவிருந்தேன். அவ்வாளாமையின் விலையை இங்கே கூறுகின்றேன்.

ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டா. அங்கே ஓர் இரும்புக் கதவு உண்டு. அதற்கப்பால் ஈன்றோர் அடிவைத்தல் கூடாது. பிள்ளையைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடல் வேண்டும். உள்ளே அழுகை கேட்பினும் நில்லாமற் சென்றுவிடல் வேண்டும். எப்போதேனும் பெற்றோரை அழைப்பார்கள். எதற்கெனின், பிள்ளை வகுப்பில் தமிழ் பேசுகின்றது என்று குறை கூறுதற்கு! அவ்வாறு அழைத்த ஒருநாள் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட்டமையால் நானும் என் மனைவியும் சென்றோம். "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்குங்கள்" என்றார் ஆசிரியை, எட்டாம் வகுப்போடு நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்து.

அன்றிரவு வழக்கம்போல் அவள் பெயர்த்தியை மடியிற் கிடத்திக் கதை சொல்லத் தொடங்கினாள். பிள்ளை தன் சிறுவிரலைப் பாட்டியின் வாய்மேல் வைத்து, "பாட்டி, தமிழ்ல பேசாத! மிசு திட்டுவாங்க" என்றது. விடுகதையாகவும் தாலாட்டாகவும் பழமொழியாகவும் ஒரு பொத்தக அறை அளவு தமிழைத் தன் நெஞ்சில் வைத்திருப்பவள் என் மனைவி. அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றிரவு என் வீட்டிற் கதை இல்லை.

அப்பள்ளி செய்தவை இரண்டு. பிள்ளையிடமிருந்து விளையாட்டைப் பறித்தது. பிள்ளையின் கல்வியிலிருந்து குடும்பத்தைத் துரத்தியது. இவற்றை இருவேறு குறைகளாகவே பலரும் கருதுகின்றனர். ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒன்றே. விளையாட்டுக்குப் பேச்சு வேண்டும். மூன்றகவைப் பிள்ளையின் பேச்சு வீட்டின் பேச்சு. வீட்டுப் பேச்சை வாயிலில் தடுத்து நிறுத்திய பள்ளியிற் பிள்ளை எதைக்கொண்டு விளையாடும்? விளையாட இயலாத பிள்ளையை அமர்த்தி ஒப்பிக்கச் செய்வதன்றி ஆசிரியைக்குத்தான் வேறு வழி யாது? எனவே, ஆங்கில மழலைப் பள்ளியில் விளையாட்டில்லாமை மறதியால் நேர்ந்ததன்று. அயன்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டதன் நேர்விளைவு.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு எனக் கருதுவார் உளர். தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். உவகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். நம் பாவாணரோ, வேர்ச்சொல் ஆய்வுக்கே வாழ்நாள் போதாதிருந்த அம்மாமலை, 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு தனிநூலே எழுதி வைத்தார். மொழிஞாயிறு கோலிக்குண்டையும் சடுகுடுவையும் பற்றி ஏன் எழுத வேண்டும்? மொழி வாழுமிடம் அகரமுதலி மட்டுமன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து ஆடுகின்றனர். வென்ற கட்சிப் பிள்ளையொன்று தன் தோழனைக் கட்டிக்கொண்டு 'நாம் வென்றோம்' என்கின்றது. அடுத்த நொடியே எதிர்க்கட்சியை நோக்கி 'நாங்கள் வென்றோம்' என்கின்றது. கேட்போனையும் உளப்படுத்துவது முன்னது. அவனை விலக்கி நிறுத்துவது பின்னது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். உயர்நிலை வகுப்பிற் கரும்பலகையில் எழுதி நான் மணிக்கணக்கில் விளக்கும் இவ்வேறுபாட்டை நான்கு அகவைப் பிள்ளை மண்ணில் உருண்டுகொண்டே பிழையின்றி ஆள்கின்றது! எந்த ஆசிரியன் கற்பித்தான்? ஆட்டம் கற்பித்தது. அப்பிள்ளையையே விசிப்பலகையில் அமர்த்தி 'வீ வீ' என்று ஒப்பிக்கச் செய்யின், 'நாம்' எங்கே? 'நாங்கள்' எங்கே?

பல்லாங்குழியைப் பாருங்கள். இருபுறமும் ஏழேழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக இடின் 70 புளியமுத்துகள். ஒரு குழியின் முத்துகளை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லும் பிள்ளை, எங்கே முடியும், அடுத்த குழி வெறுமையாகுமா, அதற்கடுத்த குழியில் எத்தனை கிடைக்கும் என்று முன்கூட்டியே உள்ளத்துட் கணக்கிடுகின்றது. குழியில் நான்கு சேர்ந்தவுடன் 'பசு' என்று கூவி எடுத்துக்கொள்கின்றது. ('ஆ' என்று நம் சொல்லாற் கூவினால் என்னவென்று என் மனைவியிடம் கேட்டேன், 'பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதோ என்று எல்லாரும் ஓடிவருவார்கள்' என்றாள். தோற்றேன்.) எண்ணல், கூட்டல், கழித்தல், பகிர்தல், முறைமாறிக் காத்திருத்தல், தோல்வியைப் பொறுத்தல் எல்லாம் அம்மரப்பலகையில் அடங்கிக் கிடக்கின்றன. எதிரே அமர்ந்து கற்பிப்பவள் பாட்டி. அவளுக்குப் பட்டமும் வேண்டா, படியும் வேண்டா.

மணலிற் சிற்றில் இழைத்து, 'நீ அம்மாவாக இரு. நான் கடைக்காரனாக இருக்கின்றேன்' என்று ஆடும்போது பிள்ளை யாரை 'வா' என்பது, யாரை 'வாருங்கள்' என்பது என்று பழகுகின்றது. மாமனையும் சிற்றப்பனையும் பெரியப்பனையும் பிரித்தறிகின்றது. 'அங்கிள்' என்னும் ஒரே சாக்கில் மூவரையும் கட்டிப்போடும் மொழிக்கு இஃது எட்டாது. இச்சிற்றில் நேற்று முளைத்த ஆட்டமுமன்று. கழக இலக்கியங்களிற் சிறுமியர் மணல்வீடு இழைக்கின்றனர். பட்டினப்பாலையிற் பிள்ளைகள் மூன்றுருளைச் சிறுதேரை உருட்டுகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த சிறுதேரை இழுத்து இளைத்த பிள்ளைகள் பாலுண்டு உறங்குகின்றனர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் தச்சன் பிள்ளைக்கென்று தேர் செய்தான். இன்று நாம் பிள்ளைக்கென்று செய்வது எழுத்துப் பயிற்சி ஏடும் அதை நிரப்பாவிடின் திட்டும்!

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் வேறெதனைக் கூறுகின்றது? ஐந்தாம் திங்களிற் குழவி ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலைநிமிர்ந்து ஆடுதல் செங்கீரை. ஒன்பதாம் திங்களிற் கைகொட்டுதல் சப்பாணி. தளர்நடை பயிலும் பிள்ளையைக் கைநீட்டி அழைத்தல் வாரானை. நிலவைக் காட்டி உடன்விளையாட அழைத்தல் அம்புலி. பின்னர்ச் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும். பிள்ளையின் உடலும் அறிவும் படிப்படியாய் வளர்வதை ஆட்டத்தின் வழியாகவே அளந்து அதனையே ஓர் இலக்கிய வகையாக்கினோம். அப்பருவங்கள் ஒவ்வொன்றிலும் அருகில் ஒரு தாயோ செவிலியோ நிற்கின்றாள், கைகொட்டுகின்றாள், அழைக்கின்றாள். பிள்ளை தனியே விடப்பட்ட பருவம் ஒன்றேனும் உண்டா? இவற்றைப் பட்டப்படிப்பிற்கு மனப்பாடம் செய்து தேர்வெழுதிய நாம்தாம், 'மேலைநாட்டு முறை' என்று கூறி நம் பிள்ளைகளை இரும்புக் கதவுக்குட் தள்ளுகின்றோம்.

மேலைநாட்டு முறையாவது யாதென்று அவர்கட்காவது தெரியுமா? 'எல்.கே.சி.', 'யு.கே.சி.' என்கின்றார்களே (கிரந்த எழுத்தின்றி எழுதமுடியாத பெயரை நான் இவ்வாறே எழுதுவேன்), அதிலுள்ள நடுச்சொல் ஆங்கிலமேயன்று, செருமானியம்! பிரீடரிக் பிரோபெல் என்னும் செருமானியர் 1837இற் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரிற் சிறுபிள்ளைகட்கென்று ஒரு விளையாட்டுச்சாலை கண்டார். 1840இல் அதற்குத் தம் தாய்மொழியிலேயே 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படப் பெயரிட்டார். அங்கே பிள்ளைகட்குக் கொடுக்கப்பட்ட முதற்பொருள் எழுத்தட்டையன்று. நூலிற் கட்டிய வண்ணப் பந்து. 1844இல் அவர் தாய்மார்க்கென்றே ஒரு பாட்டு நூல் வெளியிட்டார். தாய் மடியிலிருத்தி விரலசைத்துக் கைகொட்டிப் பாடும் செருமானியப் பாட்டுகள் அவை. விளையாட்டு, தாய், தாய்மொழி ஆகிய மூன்றும் கூடியதே அவர் கண்ட தோட்டம். அதனைக் கண்டு அஞ்சிய பிரசிய அரசு 1851இல் அத்தோட்டங்களைத் தடைசெய்தது. 1860இலேதான் அத்தடை நீங்கிற்று. நம்மவரோ தோட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டு அதன் பெயரின் இரண்டெழுத்தைமட்டும் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டனர்.

மாண்டிசோரி அம்மையார் பெயரைப் பலகையில் எழுதாத ஊரில்லை. அவர் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோமை நகரின் ஏழையர் குடியிருப்பிற் 'குழந்தைகள் இல்லத்தை'த் தொடங்கியபோது, அதனைப் பிள்ளைகள் வாழ்ந்த அக்கட்டடத்துக்குள்ளேயே அமைத்தார். கிழமைக்கொரு முறையேனும் தாய்மார் வந்து ஆசிரியையொடு கலந்து பேசல் வேண்டும் என்பது அவ்வில்லத்தின் நெறிகளுள் ஒன்று. அவர் 1939இற் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்திற் கொடைக்கானலிலும் தங்கினார். ஆசிரியர் பலரைப் பயிற்றினார். தாய்மொழியை எவரும் பிள்ளைக்குப் பாடமாய்க் கற்பிப்பதில்லை. சூழலினின்று பிள்ளை தானே உறிஞ்சிக்கொள்கின்றது என்பது அவர் கொள்கை. அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உறிஞ்சவேண்டிய பாலையே பிள்ளைக்கு விலக்குகின்றார்கள். இதனை வணிகம் எனலாம். கல்வி என்று கூற எனக்கு நா எழவில்லை.

இனி ஒரு கேள்வி எழும். 'மழலைப் பள்ளியில் இரண்டாண்டு ஆங்கிலம் பேசினால் ஒரு மொழியே அழிந்துவிடுமா?' என்பார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களைக் கேளுங்கள். அம்மண்ணின் முதற்குடிகள் அவர்கள். 1867ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியது. பின்னர்ப் பள்ளி வளாகத்தில் மாவோரி பேசிய பிள்ளைகள் அடிபட்டனர். அடிபட்ட பிள்ளைகள் பெற்றோரானபோது, 'என் பிள்ளையாவது அடிபடாமலிருக்கட்டும்' என்று வீட்டிலும் தம் மொழியை அடக்கிக்கொண்டனர். படையெடுப்பால் அழியாத மொழி பாட்டியின் வாய் மூடியதால் அழியத் தொடங்கிற்று! 1970களில் அம்மொழியைச் சரளமாய்ப் பேசுவோர் பெரும்பாலும் முதியோராகவே இருந்தனர். 1972இல் 30,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டுத் தம் மொழியைப் பள்ளியிற் கற்பிக்குமாறு நாடாளுமன்றத்தை வேண்டினர்.

பிறகு அவர்கள் செய்ததே நாம் கற்கவேண்டிய பாடம். அரசின் கையை நோக்கிக் காத்திராமல், 1982இல் வெலிங்டனுக்கு அருகே வைநூயியோமாட்டா என்னுமிடத்தில் முதல் 'மொழிக்கூட்டை'த் திறந்தனர். கூடு என்றே பெயர்! பறவைக்கூடுதான். அங்கே ஆசிரியர் யார்? மொழியை மறவாதிருந்த பாட்டன் பாட்டியர். பாடம் யாது? பாட்டு, கதை, ஆட்டம், உணவு, உறக்கம். நடத்துவோர் யார்? பிள்ளைகளின் குடும்பத்தார். உள்ளே ஆங்கிலம் இல்லை. 1993இல் அத்தகைய கூடுகள் 809. அவற்றிற் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். கூட்டிற் பயின்ற பிள்ளைகட்கென்று 1985இல் மாவோரிமொழித் தொடக்கப்பள்ளி எழுந்தது. 1987இல் அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. அதனைப் பார்த்து அவாயித் தீவு மக்களும் 1984இல் தங்கட்கு ஒரு கூடு கட்டிக்கொண்டனர். பின்னாளில் நியூசிலாந்தில் அரசு நெறிமுறைகள் நெருக்கக் கூடுகள் குறைந்தன. அரசு தன் கடமையில் தவறியதென்று அந்நாட்டு உசாவல் மன்றமே 2012இற் கூறியது. ஆயினும் இன்றும் நானூற்றுக்கு மேற்பட்ட கூடுகளில் மாவோரி மழலை கேட்கின்றது. சில நூறாயிரம் மக்கள் செய்துகாட்டியதை ஏழுகோடியர் செய்யவியலாதா?

நமக்குக் கூடு கட்டும் வேலைகூட இல்லை. கட்டிய கூடு தெருத்தோறும் கிடக்கின்றது. 1975இல் தொடங்கிய நடுவணரசுத் திட்டத்தாலும், 1982ஆம் ஆண்டு சூலை முதல்நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தாலும் வளர்ந்து, இன்று தமிழ்நாட்டில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் நடுவங்கள் உள்ளன. அங்கன்வாடி என்னும் இந்திப் பெயரை நம் தலையிற் கட்டினார்கள். அதிலுள்ள 'அங்கன்' முற்றமென்று பொருள்படும். முற்றம், முன்றில் என்று நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, முற்றத்துக்கு வடக்கே போகவேண்டியதில்லை. பெயர் கிடக்கட்டும். அங்கே தமிழ் இருக்கின்றது. ஆடலும் பாடலும் கதையுமாய் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் இருக்கின்றது. பிள்ளையின் பசியாற்ற உணவிருக்கின்றது. எங்கள் தெரு நடுவத்தின் பணியாளர், எடை பார்த்தல், தடுப்பூசிக் கணக்கு, பதிவேடு, தேர்தற்பணி இத்தனைக்கும் நடுவில், ஓட்டாஞ்சில்லைக் கொண்டு வட்டமும் சதுரமும் கற்பித்ததை என் கண்ணாற் கண்டேன். பிரோபெல் உயிரோடிருப்பின் அவ்வம்மையாரை வணங்கியிருப்பார். ஆனால் மூன்றகவை நிரம்பியவுடன் பெற்றோர் அங்கிருந்து பிள்ளையைப் பிடுங்கி, கடன்பட்டேனும் இரும்புக் கதவுக்குட் சேர்க்கின்றனர். கூலிவேலை செய்வோரும் செய்கின்றனர். அவர்கள்மேல் எனக்குச் சினமில்லை. என் மகனே அதைத்தான் செய்தான்.

சினம் அரசின்மேல். பெற்றோர் ஓடுகின்றார்களே, நம் நடுவத்தை இன்னும் வளமாக்குவோம், பாட்டிமாரை உள்ளே அழைப்போம் என்று எண்ணவேண்டியவர்கள், 2019இல் 2,381 நடுவங்களில் அந்த 'எல்.கே.சி.', 'யு.கே.சி.' பெயர்களையே ஒட்டினார்கள். ஓடுவோரைத் துரத்திப் பிடிக்கத் தாமும் அத்திசையிலேயே ஓடினால் வீடு வந்து சேர்வது எப்போது? முறைமன்றங்களோ கதவை அடைத்துவிட்டன. தொடக்கப்பள்ளிகளில் தமிழ்வழியை வலியுறுத்தி 1999இற் பிறந்த அரசாணை மறு ஆண்டே உயர்முறைமன்றத்தில் வீழ்ந்தது. கருநாடக வழக்கில் 2014இல், தொடக்கக் கல்வியில் தாய்மொழியை அரசு கட்டாயமாக்கவியலாது என்று உச்சமுறைமன்றம் முடித்துவிட்டது. ஆணையால் நடவாது என்றான பின் எஞ்சியிருப்பது வீடு. அதாவது, நாம்.

'ஆங்கிலம் கல்லாவிடின் வேலை கிட்டாது' என்பார்க்கு ஒரு சொல். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை. முதல்மொழி வேரூன்றிய பிள்ளை அடுத்தமொழியை எளிதிற் பற்றும். தாய்மொழியே சிறந்த பயிற்றுமொழியென யுனெசுகோ 1953இலேயே அறிவித்தது. அதனைக் கூறியவர்கள் தனித்தமிழ்க்காரர்களல்லர். வேர்விடாத கன்றைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவதைத்தான் வேண்டாவென்கின்றோம்.

நம் இயக்கத் தோழர்க்கும் ஒரு சொல், கசக்கும். நம்முள் எத்தனைபேர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் உள்ளனர்? 1990களில் நன்கொடை திரட்டித் தாய்த்தமிழ்ப் பள்ளிகளைத் தொடங்கிய அன்பர்கள் பிள்ளைகளைத் தேடி வீடுவீடாய் அலைந்தார்களே, அன்று மாநாட்டுப் பந்தலிற் கைதட்டிய நாம் எங்கே போயிருந்தோம்? கடையின் பெயர்ப்பலகையில் வடசொல்லைக் கண்டு கொதிக்கும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் 'மம்மி' என்னும் குரல் கேட்டுச் செவிடராகின்றோம். முதற்குற்றவாளியாக என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள்.

கதை நின்றுபோன அவ்விரவுக்குப் பின் பல நாள் எனக்கு உறக்கமில்லை. ஒரு காரிக்கிழமை மாலை எங்கள் வீட்டுத் திண்ணையிற் பாயை விரித்து, பரணிற் கிடந்த பல்லாங்குழியை இறக்கி வைத்தேன். என் மனைவியும் தெருவிலுள்ள மூதாட்டியர் இருவரும் அமர்ந்தனர். கட்டணம் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: பிள்ளையை விட்டுவிட்டுப் போதல் கூடாது; வீட்டார் ஒருவர் உடனமர்ந்து ஆடவேண்டும். முதற்கிழமை வந்த பிள்ளைகள் நால்வர். அவர்களுள் ஒருத்தி என் பெயர்த்தி. இப்போது பதினொருவர் வருகின்றனர். தெரு நடுவத்துப் பணியாளரும் ஒருநாள் வந்து பார்த்து, தம் நடுவத்திலும் கிழமைக்கொரு நாள் மூதாட்டியரை அமர்த்த இசைந்திருக்கின்றார். நான் தமிழ்ப்பாடம் எதுவும் நடத்துவதில்லை. பாய் விரிப்பதும் புளியமுத்துப் பொறுக்குவதும் என் வேலை.

ஆறாங்கிழமை என் மகன் வந்தான். சற்றுநேரம் தூணிற் சாய்ந்து நின்றான். கட்டுப்பாட்டை அவன் தாய் நினைவூட்டியவுடன் காலுறையைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தான். மகளிடம் மூன்றாட்டம் தோற்றான். அவன் ஏமாற்றி முத்தெடுத்தபோது பிள்ளை, "அப்பா, அது எங்க குழி!" என்று அதட்டியது, பாட்டியையும் சேர்த்தே 'எங்க' என்றது. பள்ளியை மாற்றுவதைப் பற்றி அவன் இன்னும் வாய்திறக்கவில்லை. அடுத்த பருவத்துக் கட்டணத்துக்கு என் பங்கைக் கேட்டான். தரமாட்டேன் என்று கூறிவிட்டேன்.